பருப்பு ஒருமுறை, சாப்பாடு நான்கு வேளை: அறையில் தங்கிப் படிப்பவர்களுக்கான சமையல் திட்டம்

மதுரையில் முதுகலை படித்தபோது முதல் ஆண்டை விடுதியிலும் இரண்டாம் ஆண்டை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு மாடி அறையிலும் கழித்தேன். அறைக்கு மாறிய முதல் வாரத்தில் மளிகைக் கடைக்குப் போய், வீட்டில் அம்மா வாங்குவதைப் பார்த்த பழக்கத்தில், 5 கிலோ இட்லி அரிசியும் 1 கிலோ உளுந்தும் வாங்கிவந்தேன். அறையில் கிரைண்டர் இல்லை என்பது பையை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறும்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த அரிசி வண்டு பிடித்து, கடைசியில் வீட்டுக்கார அம்மா வளர்த்த கோழிகளுக்குப் போயிற்று. சமைக்கத் தெரியாமல் நான் வீணாக்கிய பணத்தைவிட, என்ன சமைக்கப் போகிறேன் என்று தெரியாமல் கடைக்குப் போய் வீணாக்கிய பணமே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டி செய்முறையில் தொடங்காமல் வாரத்தின் கணக்கில் தொடங்குகிறது.

முதலில் வேளைகளை எண்ணுங்கள்

வாரத்துக்கு 21 வேளை உணவு. கல்லூரிக் கால அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு வேளையிலும் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதை அதன் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை நாள் ஐந்திலும் மதிய உணவு கல்லூரி உணவகத்தில் என்றால் அவை 5, ஞாயிறு மதியம் நண்பர்களோடு பிரியாணிக் கடைக்குப் போவது வழக்கம் என்றால் அது ஒன்று, மிஞ்சுவது 15. அந்தப் பதினைந்திலும், ஆய்வகம் முடிந்து இரவு ஏழரைக்கு அறைக்குத் திரும்பும் நாள்களில் வெங்காயம் உரிக்க உடம்பு ஒத்துழைக்காது என்பதை இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது. எனவே மிஞ்சிய வேளைகளை ‘அடுப்பு’, ‘சூடு’ என்று இரண்டாகப் பிரியுங்கள். நின்று சமைக்க நேரம் உள்ள வேளை அடுப்பு. முன்பே சமைத்ததைச் சூடாக்கியோ, தோசை, முட்டை, தயிர்ச்சாதம் போன்ற கால் மணி நேர வேலையாகவோ முடித்துக்கொள்ள வேண்டிய வேளை சூடு. என் அட்டவணையில் அடுப்பு என்று எழுத முடிந்தவை ஞாயிறு மாலை, செவ்வாய் இரவு, வியாழன் இரவு, சனி காலை ஆகிய நான்கு மட்டுமே. பெரும்பாலான மாணவர்களுக்கும் ஏறத்தாழ இவ்வளவுதான் கிடைக்கும். நாள்தோறும் சமைப்பேன் என்று தொடங்குபவர்கள் மூன்றாம் வாரம் பரோட்டாக் கடையில் நிற்பதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அடுப்பும் பாத்திரமும்

வீட்டுக்காரர் சமைக்க அனுமதிக்கிறாரா, எந்த அடுப்புக்கு அனுமதிக்கிறார் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எரிவாயு என்றால், வீடுகளுக்குத் தரும் 14.2 கிலோ உருளைக்கு முகவரிச் சான்று முதலியவை தேவைப்படும். மாணவர்களுக்கு 5 கிலோ சிறிய உருளை போதும், அதை அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கலாம். இண்டக்ஷன் அடுப்பு என்றால் சுவரில் உள்ள பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். செல்பேசியைச் சார்ஜ் போடும் சிறிய பிளக் 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. பெரிய துளைகள் கொண்ட பவர் பிளக் இல்லாத அறையில் இண்டக்ஷன் வைத்து, நீட்டிப்புப் பெட்டி உருகிய வாடையில் விழித்துக்கொள்ள வேண்டாம். அந்த அடுப்பில் சாதாரண அலுமினியக் குக்கர் சூடாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் அது இண்டக்ஷனுக்கு ஏற்றது.

பாத்திரத்துக்கு அதிகம் செலவிட வேண்டியதில்லை. 3 லிட்டர் குக்கர், ஒரு கடாய், ஒரு தோசைக்கல், தாளிப்புக் கரண்டி, மூடியுள்ள இரண்டு எவர்சில்வர் பாத்திரங்கள், நல்ல கத்தி, வெட்டுப்பலகை ஆகியவை போதும். குக்கரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பருப்பு வேகும்போது நுரைத்து மேலெழும்பி ஆவிக் குழாயை அடைக்கக்கூடும் என்பதால் பருப்புக்குப் பாதி அளவும், மற்றவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கும் மட்டுமே நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் ஆவிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, துளை தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்க முயலாதீர்கள்.

‘தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

அம்மாவிடம் செய்முறை கேட்டால், ‘உப்பு பார்த்துப் போடு, புளி கொஞ்சம் கரைச்சு ஊத்து’ என்றுதான் சொல்வார். முப்பது ஆண்டுகள் அளந்த கைக்கு அளவு சொல்லத் தெரியாது. இதற்கு ஒரு வழி உண்டு. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, அவர் குழம்பில் போட எடுக்கும் உப்பை, போடுவதற்கு முன் ஒரு கிண்ணத்தில் வாங்கித் தேக்கரண்டியால் அளந்துவிட்டு, பிறகு குழம்பில் சேருங்கள். மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் புளியையும் இப்படியே அளந்து, எத்தனை பேருக்கான குழம்பு அது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நான் எழுதிக்கொண்டுவந்த ஒன்றரைப் பக்கம், காணொளிகள் பலவற்றைப் பார்த்துக் கற்றதைவிட எனக்கு அதிகம் உதவியது; அந்த அளவுதான் என் நாக்கு அறிந்த அளவு. அம்மா இரண்டாம் முறை பொறுமை இழந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அறையில் எல்லாவற்றையும் ஒரே டம்ளரால் அளக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு வேளைச் சாதத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் அரிசி வேண்டும்; அது 200 மில்லி டம்ளரில் அரை டம்ளருக்குச் சற்று மேல். குக்கரில் பச்சரிசிக்கு 1 பங்குக்கு 2 முதல் இரண்டரைப் பங்குத் தண்ணீரும், புழுங்கலரிசிக்கு 3 பங்குத் தண்ணீரும் வேண்டும். பச்சரிசிக்கு 3 விசிலும் புழுங்கலரிசிக்கு 5 விசிலும் என்று தொடங்கி, உங்கள் அரிசிக்கும் அடுப்புக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். புதிய அரிசிக்குத் தண்ணீர் குறைவாகவும் பழைய அரிசிக்குக் கூடுதலாகவும் தேவைப்படும். அரைவேக்காடாக இருந்தால் பதற வேண்டாம். சுடுதண்ணீர் தெளித்து மூடி, சிறு தீயில் 5 நிமிடம் வைத்தால் சரியாகிவிடும்.

ஒரு பருப்பு, மூன்று சமையல்

தனியாகச் சமைக்கும் மாணவர் ‘இன்று சாம்பார், நாளை ரசம், நாளை மறுநாள் கூட்டு’ என்று மூன்று தனிச் சமையலாகத் திட்டமிடுவதே களைப்புக்குக் காரணம். நம் சமையலில் இவை மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வேகவைத்த துவரம்பருப்பு. அதை ஞாயிறு மாலை ஒருமுறை வேகவைத்துப் பிரித்து வைத்தால், செவ்வாய் இரவு வரை குழம்புக் கவலை இருக்காது.

1 டம்ளர் பருப்பைக் கழுவி, 3 டம்ளர் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், சிறிது பெருங்காயம், நான்கைந்து பல் பூண்டு, நுரையை அடக்க அரைத் தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றோடு 4 அல்லது 5 விசில் விடுங்கள். உப்பை இப்போது போட வேண்டாம். பின்னால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே போடலாம். ஆவி அடங்கியதும் கரண்டியால் மசிப்பதற்கு முன், மேலே தெளிந்து நிற்கும் பருப்புத் தண்ணீரை ஒரு டம்ளர் அளவுக்கு வடித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், அது ரசத்துக்கு. மிஞ்சியதை மசித்து, பாதியைச் சாம்பாருக்கு எடுத்துக்கொண்டு, மறு பாதியை மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

சாம்பாருக்கு நெல்லிக்காய் அளவு புளி போதும். எண்ணெயில் கடுகு வெடித்ததும் வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, பத்துச் சின்ன வெங்காயம், ஒரு தக்காளி ஆகியவற்றை வதக்கி, முருங்கைக்காயோ கத்தரிக்காயோ சேர்த்து, புளிக்கரைசலும் ஒன்றரைத் தேக்கரண்டி சாம்பார்ப் பொடியும் உப்பும் போட்டுக் கொதிக்க விடுங்கள். பொடியின் பச்சை வாசனை போய்க் காய் வெந்த பிறகே பருப்பைச் சேர்க்க வேண்டும். பருப்பை முதலில் போட்டுவிட்டால் அடி பிடிக்கும், காயும் வேகாது. இது ஞாயிறு இரவுச் சோற்றுக்கும் திங்கள் காலைத் தோசைக்கும் ஆகிவிடும்.

திங்கள் இரவு ‘சூடு’ வேளை. வடித்து வைத்த பருப்புத் தண்ணீரில் ஒரு தக்காளியையும் சிறிது புளியையும் கரைத்து, இடித்த மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து அடுப்பில் வையுங்கள். ரசம் கொதிக்கக் கூடாது. ஓரங்களில் நுரை கட்டி மேலெழுந்ததும் இறக்கிக் கொத்தமல்லி தூவித் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. அப்பளம் இருந்தால் அதுவே விருந்து.

செவ்வாய் இரவு, மிஞ்சிய பருப்போடு ஒரு கட்டுக் கீரை. ஆய்ந்து, அலசி, நறுக்கி, சிறிது தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, பருப்பையும் உப்பையும் சேர்த்து, காய்ந்த மிளகாயும் சீரகமும் தாளித்தால் கூட்டு தயார். கீரையைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்தி எடுத்து, அடியில் மண் தங்காமல் போகும்வரை மூன்று முறையாவது அலசுங்கள். குழாயடியில் காட்டி எடுத்த கீரை பல்லில் நறநறக்கும்.

சாம்பார் ஊற்றிக்கொண்டதால் தேவையான புரதம் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு என்றாலும், மேலே சொன்ன கணக்கில் ஒரு வேளைக்கு உங்கள் தட்டில் விழுவது சராசரியாக 40 கிராம் பருப்பு அளவுதான். ஆகவே நாள்தோறும் இரண்டு முட்டையோ, ஊறவைத்த கொண்டைக்கடலையோ, வறுத்த நிலக்கடலையோ, ஒரு கிண்ணம் தயிரோ திட்டத்தில் நிரந்தரமாக இருக்கட்டும். முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. கடலையை இரவில் ஊறப்போட மறப்பதுதான் பெரிய இடைஞ்சல்; குக்கரைக் கழுவிக் கவிழ்க்கும்போதே கடலையை ஊறப்போடும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் மறக்காது.

மாவும் புளிக்காய்ச்சலும்

நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம். மாவைக் கடையில் வாங்குங்கள். 1 கிலோ மாவு ஒருவருக்கு மூன்று அல்லது நான்கு வேளைக்கு வரும். முதல் நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள்கள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தூவிய ஊத்தப்பம் என்பது மாவின் வயதுக்கு ஏற்ற வரிசை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறையில் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். மதுரைச் சித்திரை வெயிலில் காலையில் வாங்கிய மாவு மாலையில் பாத்திரத்தைவிட்டு வெளியே வந்து நிற்கும்.

தேர்வு வாரத்துக்கென்று ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் செய்துவைத்துக்கொள்வது, எனக்குத் தெரிந்தவரை, ஒரு மாணவர் செய்யக்கூடிய மிக அறிவார்ந்த சமையல். 100 கிராம் புளியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். 6 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, எட்டு முதல் பத்துக் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவற்றைத் தாளித்து, கரைசலையும் மஞ்சள்தூளையும் உப்பையும் சேர்த்து, சிறு தீயில் எண்ணெய் பிரிந்து ஓரங்களில் நிற்கும்வரை காய்ச்சுங்கள். இதற்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். இடையில் கிளறாமல் விட்டால் தெறிக்கும், அடியும் பிடிக்கும். வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டியும் மல்லி ஒரு மேசைக்கரண்டியும் கடைசியில் சேர்த்து, சிறு துண்டு வெல்லம் போட்டு இறக்குங்கள். ஆறிய பிறகு ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எப்போதும் காய்ந்த கரண்டியையே பயன்படுத்தினால் ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை. சோறு வடித்து இரண்டு கரண்டி போட்டுக் கிளறினால் வேலை முடிந்தது.

கடைக்குப் போகும் நாள்

காய்கறிக்கு உழவர் சந்தையை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது இதே மதுரை அண்ணா நகரில்தான். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவைத்திருப்பார்கள் என்பதால் பேரம் பேசத் தெரியாத மாணவரும் ஏமாற வாய்ப்பில்லை. காலை எட்டு மணிக்குள் போனால் நல்ல காய் கிடைக்கும். கால் கிலோ, அரைக் கிலோ என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் சந்தையில் காசு கொடுத்தாலும், தெருமுனைக் காய்க்கடையில் தொடர்ந்து வாங்குபவருக்கு அவை கொசுறாகவே வரும்.

எதை வாங்குவது என்பதை, எது முதலில் வாடும் என்பது தீர்மானிக்கட்டும். கீரை அன்றே அல்லது மறுநாளே சமைக்க வேண்டியது. வெண்டை, கத்தரி, தக்காளி மூன்று நான்கு நாள்கள் தாங்கும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் குளிர்ச்சியில் ஒரு வாரத்துக்கு மேலும் இருக்கும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் காற்றோட்டமான இடத்தில், ஒன்றோடொன்று சேராமல் வையுங்கள்; ஒரே கூடையில் போட்டால் இரண்டும் சீக்கிரம் முளைவிடும், அழுகும்.

மளிகையை மாதக் கணக்கில் வாங்கலாம். வாரத்துக்குப் பத்து வேளை சோறு என்றால் அரிசி வாரம் 1 கிலோ, மாதத்துக்கு 4 முதல் 5 கிலோ. துவரம்பருப்பு 1 கிலோவும் சமையல் எண்ணெய் அரை லிட்டரும் தாராளம். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம் ஆகியவை 50 கிராம் போதும். பெரிய பொட்டலம் மலிவு என்று வாங்கிய மல்லித்தூள் நான்கு மாதத்தில் மணம் போய் மரத்தூளாகிவிடும்.

மிஞ்சிய சோறு

இதை அலட்சியம் செய்யாதீர்கள். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் முழுதும் அழியாது. ஆகவே மறுநாளுக்கு வேண்டிய சோற்றைக் குக்கரிலேயே விடாமல், அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பெட்டி இல்லாவிட்டால் ஒரு வேளைக்கு மட்டும் வடிப்பதே நல்லது. இரவில் சோறு மிஞ்சினால் ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிடுவது நம் வழக்கம். ஆனால் அதற்கு அன்றிரவு வடித்த சோறாக இருக்க வேண்டும், மதியமே வடித்து மாலை வரை கிடந்த சோறாக இருக்கக் கூடாது. தேங்காய் சேர்ந்த எதையும், குறிப்பாகச் சட்டினியை, அந்த வேளைக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

கெட்டுப்போகும் சமையலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உப்பு கூடிய குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சும் என்பார்கள். அது உறிஞ்சுவது கொஞ்சம்தான். பருப்போ தண்ணீரோ சேர்த்து அளவைக் கூட்டுவதே உண்மையான வழி. அடி பிடித்துவிட்டால் சுரண்டாமல், கிளறாமல், மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கடுகு கருகினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளிப்பதுதான் சிக்கனம். கருகிய தாளிப்பு ஒரு பாத்திரச் சாம்பாரையே கசப்பாக்கிவிடும்.

அறைத்தோழர்களும் கணக்கு நோட்டும்

இருவரோ மூவரோ சேர்ந்து சமைத்தால் செலவும் குறையும், வேலையும் குறையும். சண்டை வருவது பாத்திரம் கழுவுவதில்தான். எங்கள் அறையில் சமைத்தவர் கழுவ வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். அதன் பிறகு எல்லோரும் சமைக்க ஆசைப்பட்டார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைப் பொதுச் செலவாகவும், முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றை உண்பவர் செலவாகவும் பிரிப்பது, சைவரும் அசைவரும் சேர்ந்து தங்கும் அறையில் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

செலவை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்த மாதம் குப்பையில் கொட்டியவற்றையும் எழுதி வாருங்கள். எங்கள் முதல் மாதப் பட்டியலில் அரைக் கிலோ தக்காளி, இரண்டு கட்டுக் கொத்தமல்லி, ஒரு பாக்கெட் பால், ஊருக்குப் போன வாரத்தில் பூசணம் பிடித்த ஒரு பாத்திரம் கடலைக்குழம்பு ஆகியவை இருந்தன. அடுத்த மாதம் தக்காளியை வாரம் இருமுறை கால் கிலோவாக வாங்கினோம். ஊருக்குப் போகும் வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வியாழன் இரவை ‘அடுப்பு’ என்பதிலிருந்து ‘சூடு’ என்று மாற்றி, பெட்டியில் இருப்பதை முட்டையோடு கிளறிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். மூன்றாம் மாதப் பட்டியலில் கறிவேப்பிலை மட்டுமே மிஞ்சியது.